காது கேட்டால்தானே குரல் வரும்!

எங்கள் வீட்டு வராந்தாக் கூண்டில் ஒரு ஜோடி பின்ச் குருவி. ஆஸ்திரேலியா ஜாதி, மகள் ஆசைப்பட்டாளென்று அவள் அப்பா வாங்கி வந்தது. போன வருஷம் குஞ்சு பொரித்தது. அதில் ஓர் ஆண் குஞ்சு, மாசம் ஒன்று ஆனதும் மூலையில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தது. பாட்டென்று சொல்ல முடியாது; தொட்டில் பிள்ளை 'ங்கா, த்தா' என்கிற மாதிரி. மூணு மாசத்துக்குள் அப்பன் பாட்டை அப்படியே பிடித்துக்கொண்டது! (இந்த ஜாதியில் ஆண்தான் பாடும். பெண் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதோடு சரி.)

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் விளக்கினாள். "குஞ்சு முதல்லே அப்பா பாட்டைக் கேட்டு மனசிலே பதிய வச்சுக்கும்மா. அப்புறம் தானே பாடி, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கும்."

கொனிஷி என்ற விஞ்ஞானி 1965-ல் வெளியிட்ட ஆராய்ச்சியாம். ஒரு அமெரிக்கச் சிட்டு, பெரிய சிட்டின் பாட்டை நன்றாகக் கேட்டு வளர்ந்திருந்தாலும், தான் பாடத் தொடங்குமுன் காது போய்விட்டால் அந்தப் பாட்டு அதற்கு வரவே வராதாம். பாட்டைக் கேட்கும்போதும், அதையே பாடும்போதும் ஒரே மாதிரி துடிக்கிற நரம்பணுக்கள் சிட்டின் மூளையில் இருப்பதை 2008-ல் கண்டிருக்கிறார்கள். மூளை ஏவ, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்திலுள்ள பொடித் தசைகள் ஸ்வரம் பிடிக்கின்றன. சில நாள் பாடாவிட்டாலே அவை வலுவிழக்குமாம். பாட்டு வாத்தியார் 'சாதகம், சாதகம்' என்று அடித்துக்கொண்டது சும்மா இல்லை!

எனக்கோ மனசு சின்னவனிடம் ஓடியது. இரண்டு வயசு வரை அவன் 'அம்மா' என்றுகூடச் சொல்லவில்லை. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடு" என்றார் மாமியார். நானும் நாக்கில் வசம்பு உரைத்துத் தடவிக்கொண்டே காலத்தைக் கடத்தினேன். ஒருநாள் அவன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தாம்பாளம் டணாரென்று விழுந்தது. பிள்ளை திரும்பவே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாய்க்கு வைத்தியம் பார்த்தேனே தவிர, காதைப் பற்றி நினைக்கவே இல்லையே!

இப்போது பிறந்த சில நாளிலேயே, குழந்தை தூங்கும்போதே காதைச் சோதித்துவிடும் கருவி இருக்கிறது. எனக்கு அன்று கேட்கத் தெரியவில்லை.

இரண்டரை வயசில் அவனுக்குக் காது மெஷின் மாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் 'ஆ' என்று கத்தினான். தன் சத்தம் தன் காதில் விழுந்ததோ இல்லையோ, திகைத்து நின்றுவிட்டான். மெதுவாக மறுபடி 'ஆ' என்று சொல்லிப் பார்த்தான். அன்றைக்குப் பூரா வீடு அதிரக் கத்திக்கொண்டே இருந்தான். நான் அடக்கவே இல்லை.