வருகைப் பதிவேடு சொல்லாதது

பிரிட்டனில் அரசு ஊழியர் வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் செல்ல வேண்டும் என்பது சில ஆண்டுகளாகவே வழக்காடலுக்குரிய பொருளாக இருந்து வருகின்றது. நம் உறவுப் பெண் ஒருவர் அங்கு அரசுப் பணியில் இருப்பதால், நாமும் இதனைக் கவனித்து வருகின்றோம்.

2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது இல்லங்களே அலுவலகங்களாயின. தொற்று தணிந்த பின்னர், சில நாள் அலுவலகத்திலும் சில நாள் இல்லத்திலும் பணியாற்றும் கலப்பு முறை வேரூன்றிற்று. 2022 ஏப்ரலில் அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக், ஆளில்லா மேசைகளின்மீது அச்சிட்ட சீட்டுகளை வைத்துச் சென்றது பெரும் பேச்சாயிற்று. 2023 நவம்பரில், பணிநேரத்தில் 60 விழுக்காடேனும் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஐந்து நாளில் மூன்று நாள் என்பது கணக்கு. 2024 ஜூலையில் ஆட்சி மாறிற்று. ஆயினும், அக்டோபரில் புதிய அரசும் அதே அளவையே உறுதி செய்தது.

பல்லாண்டுகளாக வருகைப் பதிவேட்டைக் கையில் ஏந்தி வருபவர்கள் நாம். இன்னார் வந்தார் என்று அது சொல்லும். கற்றாரா என்று சொல்லாது. முன்வரிசையில் அமர்ந்தே உறங்கியவரையும் கண்டோம். காய்ச்சலில் வீட்டிலிருந்தவாறே பாடத்தை முடித்து வந்து பிழையின்றி ஒப்புவித்தவரையும் கண்டோம்.

எனினும், அரசு தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உஸ்தாதின் அருகிலிருந்து கற்பதைக் கிதாபு மட்டும் கற்பித்துவிடாது. புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞருக்கு மூத்தவரின் அண்மை வேண்டும். மேலும், சிறைக் காவலருக்கும் எல்லைச் சோதனை அலுவலருக்கும் இல்லத்திலிருந்து பணியாற்றும் வாய்ப்பு என்றுமே இருந்ததில்லை.

ஆனால், விதியைத் தாளில் மாற்ற ஒரு நாள் போதும்; வாழ்க்கையை அவ்வாறு மாற்ற இயலுமா? நம் உறவுப் பெண் இல்லத்திலிருக்கும் நாள்களில், நண்பகல் இடைவேளையில், படுக்கையிலுள்ள மாமியாருக்கு உணவும் மருந்தும் கொடுப்பார். அந்நாள்களை நம்பியே குடும்பம் தன் ஒழுங்கை அமைத்துக்கொண்டது. இத்தகையோருக்கு 2024 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஓரளவு துணை செய்கின்றது. பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேரத்தையும் இடத்தையும் மாற்றித் தருமாறு கோரலாம். இரண்டு மாதத்திற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஆயினும், அது கேட்கும் உரிமையே, பெறும் உரிமையன்று.

அரசு ஊழியரின் ஊதியம் மக்கள் தந்த வரிப்பணம். அது ஓர் அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது முறையே. ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்த முதியவருக்கு உரிய நாளில் விடை சென்றதா என்று முதலில் கேட்கட்டும். விடை சென்றிருப்பின், அதனை எழுதியவர் எந்த மேசையில் அமர்ந்து எழுதினார் என்பது அம்முதியவருக்கு ஒரு பொருட்டாகாது. செல்லவில்லையெனில், அலுவலகம் நிரம்பி வழிந்தும் அவருக்குப் பயன் யாது?