எந்த மாதத்தில் கேட்பது?

பாடம் எடுக்கும் முறையைச் சிறப்பாசிரியர் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டுப் படியேறி, ‘பிள்ளையை மதிப்பீட்டுக்குக் கூட்டிப் போவோமா’ என்று எந்த மாதம், எந்தக் கிழமை கேட்பது என்பதை அந்தந்த ஊர்தான் சொல்லித் தர வேண்டும். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் எங்கள் தூத்துக்குடிக் கரையில் இதற்கு ஒரே பதில் கிடையாது. பொருந்தாத நேரத்தில் கேட்டால் ‘பாப்போம் டீச்சர்’ என்பார்கள். மனம் இல்லாமல் சொல்வதில்லை. ஆனால் அந்தப் ‘பாப்போ’முக்குள் ஒரு கல்வியாண்டு கரைந்துபோகும்.

வயதிலிருந்து தொடங்குகிறேன். ‘எட்டு வயசு ஆகட்டும்’ என்றொரு பேச்சு எல்லாக் குறைபாட்டுக்கும் பொதுவாக இங்கே உலவுகிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்தான் அதன் மூலம். வாசிப்பு, எழுத்து, கணக்கு சார்ந்த கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ் என்றது அது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்கச் சொன்னது. அந்த எட்டு வயதுக் கணக்கு இந்த ஒரு சான்றிதழுக்கு மட்டுமே. ஓசைக்குத் திரும்பாத குழந்தைக்கும், நடை தாமதிக்கும் குழந்தைக்கும், பேச்சு வராத குழந்தைக்கும் காத்திருக்க ஒரு மாதம்கூட இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துவது ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். அங்கன்வாடியில் ஐயம் வந்தால் அந்த வாரமே அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ‘அவிய அப்பாவும் லேட்டாத்தான் பேசினாவளாம்’ என்று பாட்டி சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டு, ‘காது நல்லாக் கேக்குதான்னு மட்டும் ஒருக்கா பாத்துருவோம் ஆச்சி’ என்பேன்.

இந்தக் கரையில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கடலடிப் பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து பார்த்து, முதிர்ந்திருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். பிஞ்சில் எடுத்தால் நட்டம். ஆண்டுகள் கடத்தினால் சிப்பி செத்துப்போகும். கற்றல் குறைபாட்டுக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும்தான் அது. ஆனால் சிப்பி முதிரும்வரை மனிதர் கரையில் இருக்கலாம். பிள்ளையை அப்படி விட்டுவைக்க முடியாது. ஒன்றாம் வகுப்பில் ‘க’வும் ‘த’வும் மாறி மாறித் தெரிகிறதென்றால் அன்றைக்கே மணலில் எழுதவைத்தும், எழுத்தை ஒலியோடு இணைத்தும் வேலையைத் தொடங்கலாம். அதற்குச் சான்றிதழ் எதற்கு?

அந்தப் பருவத்தை எனக்கு முந்திக் காண்பவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள். பரதவர் ஊர்களில் புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயாரிக்கும் வயது ஏறக்குறைய இதுதான். செபங்களையெல்லாம் காதால் கேட்டே ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாயடைத்து நிற்கும். அந்தப் பிள்ளை மந்தம் இல்லை, சோம்பேறியும் இல்லை. காது வழியாக ஏறுவது கண் வழியாக ஏறவில்லை. மறைக்கல்வி ஆசிரியரிடம் ‘யாருக்குக் கேட்டால் வருகிறது, பார்த்தால் வரவில்லை?’ என்று நான் கேட்பது அதனால்தான். இந்த ஒரு கேள்வி பல பிள்ளைகளைக் காட்டித் தந்திருக்கிறது.

இனிக் கடலின் நாள்காட்டி. விண்ணப்பத்துக்குத் தாயின் கையெழுத்தே போதும். ஆனாலும், ‘அவிய கரைக்கு வரட்டும் டீச்சர், கேக்காம நான் எதுலயும் போட மாட்டேன்’ என்று அந்தம்மா சொல்லும்போது நான் காகிதத்தை நீட்டுவதில்லை. தகப்பனுக்குத் தெரியாமல் வாங்கிய கையெழுத்து ஆஸ்பத்திரி வாசல்வரைகூட வராது. தூத்துக்குடித் துறைமுகத்து விசைப்படகுகள் விடியுமுன் போய் இரவில்தான் திரும்பும். தருவைகுளத்தின் ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் வெளியே கிடக்கும். நாட்டுப்படகும் சங்குகுளியும் உள்ள ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்த நேரம் போதும், தகப்பனார் வீட்டில் இருப்பார். விசைப்படகு வீடுகளுக்கோ மீன்பிடித் தடைக்காலம்தான் வாசல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்.

முன்பு அது 45 நாள், மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். அப்பா கரையில் இருக்கும்போது பள்ளி பூட்டிக் கிடக்கும், பள்ளி திறக்கும்போது அப்பா கடலில் இருப்பார். 2017இல் தடை 61 நாளானதும் ஜூன் முதல் பாதி எங்களுக்குக் கிடைத்தது. வகுப்பு ஆசிரியரும் தகப்பனும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடிய வாரங்கள் ஆண்டிலேயே அவைதான். வருமானம் நின்ற காலம், வீட்டில் கவலை இருக்கும், மெதுவாகத்தான் பேச வேண்டும். ஆனால் தகப்பன்மார் அப்போதுதான் பிள்ளையை நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். நான் சொல்லும் முன்பே ‘இவனுக்கு ஏதோ இருக்கு டீச்சர்’ என்று அவர்களே தொடங்குவதுண்டு.

அதற்கு முன்தயாரிப்பு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்திருக்க வேண்டும். ஒன்றாம் பருவ நோட்டும் மூன்றாம் பருவ நோட்டும் பக்கத்தில் பக்கத்தில், வகுப்பு ஆசிரியரின் குறிப்பு, கண், காது பரிசோதித்த சீட்டு. பார்வையும் செவித்திறனும் சரியென்று தெரியாமல் கற்றல் குறைபாடு என்று எந்த நிபுணரும் சொல்ல முடியாது. அந்தச் சீட்டு இல்லாமல் போய்த் திரும்பிவந்த குடும்பத்தை இரண்டாம் முறை கிளப்புவது மிகவும் கடினம்.

கேட்கக் கூடாத நாள்களும் உண்டு. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 திருவிழா முடியும்வரை நகரில் யாருக்கும் முகாம் தேதி கொடுக்கக் கூடாது.

சில கிலோமீட்டர் தள்ளி முள்ளக்காடு, முத்தையாபுரம் பக்கம் வந்தால் நாள்காட்டி தலைகீழ். கரையில் படகு கட்டிய மாதங்கள் உப்பளத்தில் உச்சம். விடியுமுன் தாயும் தகப்பனும் பாத்தியில் நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. வடகிழக்கு மழை இறங்கி உப்பு வாருவது நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அவர்களிடம் கேட்கலாம். ஒரே வட்டார வள மையத்துக்குள் இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே நாளில் சுற்றறிக்கை அனுப்பினால், ஒரு பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிறகு ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதிவைப்பது அநியாயம்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொதுத்தேர்வுச் சலுகைக்காக ஓடி வருபவர்கள் உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப் பாட விலக்கு. அவர்களுக்காகவும் அலைகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை இழந்தது ஒரு மணி நேரத்தை அல்ல, ஏழு ஆண்டுக் கற்பித்தலை. முன்பே சான்றிதழ் வைத்திருப்பவர்களையும் ஒன்பதாம் வகுப்பிலேயே வரச் சொல்கிறேன். 14 வயது மறுமதிப்பீடு அப்போதுதான் வரும்.

இங்கிலாந்தில் இப்படி மதிப்பீடு கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல 2014ஆம் ஆண்டுச் சட்டமும் விதிகளும் கெடு வைத்திருக்கின்றன. கோரிக்கை வந்த ஆறு வாரத்துக்குள் மதிப்பீடு உண்டா என்று உள்ளாட்சி சொல்ல வேண்டும், மொத்தம் இருபது வாரத்தில் பிள்ளைக்கான திட்டம் கையில் வர வேண்டும். நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பள்ளிப் பிள்ளைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்கிறது. ஒரு தாய் கேட்ட நாளிலிருந்து ஓடும் கடிகாரத்தை அது வைக்கவில்லை. வைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, வாயால் கேட்டுவிட்டு வரும் அம்மாக்களிடம் இதைச் சொல்கிறேன்: ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளை பெயர், வகுப்பு, வீட்டில் நீங்கள் கண்டது, அப்பா எந்த மாதம் கரையில் இருப்பார் என்பது. தேதி போடுங்கள். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள்.