கொட்டகையில் பிளிமத், தொட்டிலில் பேரன்

ஓய்வு பெற்ற கணவரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பேப்பர். பத்து மணிக்கு ஒரு காபி, பதினொன்றுக்கு இன்னொரு காபி. அப்புறம் அடுக்களைக்குள் வந்து, "பருப்பு டப்பாவை ஏன் இங்க வெச்சிருக்கே?" என்று ஒரு விசாரணை! இதைச் சொல்லி அலுத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். 2021-ல் கூட்டுறவு வங்கி வேலையை முடித்துக்கொண்டு வந்த என் கணவர் விசாரணைகூடச் செய்யவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காப்பித் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ரத்த அழுத்தம் ஏறியது, தூக்கம் குறைந்தது. திண்டுக்கல்லில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இவர் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கம்மா" என்றார்.

எங்கள் ஊர் பண்ணைக்காடு. கொடைக்கானலுக்குப் போகும் மலைப்பாதையிலிருந்து பிரிந்து வர வேண்டும். காப்பியும் ஆரஞ்சும் விளைகிற கீழ்மலை. வீட்டுக்குப் பின்னால் என் மாமனார் கட்டிய கொட்டகையில், 1951 ஆம் வருஷத்து பிளிமத் கார் ஒன்று நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கோழி அதில் அடை காத்தது, எலி குடும்பம் நடத்தியது. அந்தக் காரைத்தான் அவர் கையில் கொடுத்தோம்.

"மலையில் அமெரிக்கக் கார் எப்படி வந்தது?" என்று கேட்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-லேயே பம்பாயில் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. 1940களின் பிற்பகுதியில் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் கம்பெனியோடு சேர்ந்து டாட்ஜ், பிளிமத் கார்களையும் பார்கோ லாரிகளையும் பம்பாயில் பூட்டி விற்றது. பின்னால் பத்மினி கார் செய்த அதே பிரீமியர்தான். மலைத் தோட்டக்காரர்களுக்கு இந்த வண்டிகள் பிடித்திருந்தன. ஆறு சிலிண்டர் எஞ்சின், உயரமான உடம்பு, ஏற்றத்தில் மூச்சு வாங்காது.

மோட்டார் மோகம் நம் பக்கத்துக்குப் புதிதுமில்லை. ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டித்தானே தொழிலைத் தொடங்கினார்? அவர் பெயரில் கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகத்துக்கு என் கணவரை அழைத்துப் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பழனி வரை பேசிக்கொண்டே வந்தார். எத்தனை மாதம் கழித்து!

அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனார் மகனுக்கும் இதே பைத்தியம். அவன் வீட்டு கராஜில் 1968 ஆம் வருஷத்து டாட்ஜ் சார்ஜர் நிற்கிறது. அதை 'மஸில் கார்' என்கிறான். "மஸில்னா தசைதானேடா, பயில்வான் கார்னு சொல்லு" என்றேன். பெயர் பொருத்தம்தான். பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை நடுத்தரமான காரில் வைத்து, இளைஞர்களுக்கென்று விற்றார்கள். 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ அந்த வழியைக் காட்டியது. காற்றை மாசுபடுத்தக் கூடாது என்ற சட்டங்களும், ஏறிப்போன இன்ஷூரன்ஸும், 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்த ஆட்டத்தை முடித்தன. அந்தச் சமயத்தில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு நம் நாட்டில் ஏகக் கட்டுப்பாடு. ஆகவே நம் பக்கத்துக் கொட்டகைகளில் கிடைப்பது பயில்வானின் அப்பா, சித்தப்பாக்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரவில் பெரியப்பாவும் மகனும் வீடியோவில் பேசுவார்கள். இடது பக்கச் சக்கரத்தின் போல்ட் எவ்வளவு திருகியும் கழலாமல் இவர் தவித்தபோது, "பெரியப்பா, கிரைஸ்லர் வண்டியில இடது பக்கம் மரை எதிர்ப்பக்கமா இருக்கும். மாத்தித் திருப்புங்க" என்று அவன்தான் சொன்னான். திருப்பினார், வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு அடுக்களை வரை கேட்டது. மூன்றே மாதத்தில் தூக்கம் வந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியது.

இந்த நிலையில்தான் என் மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வந்த மறுநாள் காலை இவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பழைய பெயின்டைச் சுரண்டப் போனார். மகள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள்.

"அம்மா, அந்தக் காலத்துப் பெயின்டுல ஈயம் இருக்கும். அந்தத் தூசி வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

அவளே போய்ச் சொல்லிவிட்டாள். இவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "மூடிடறேம்மா" என்று ஒரே வார்த்தை. கொட்டகைக் கதவு சாத்தப்பட்டது. அன்று மாலை மறுபடி திண்ணை, மறுபடி காப்பித் தோட்டம்.

ஒரு பக்கம் மகளும் அவள் வயிற்றுப் பிள்ளையும். இன்னொரு பக்கம் மறுபடி ஊமையாகிக்கொண்டிருக்கும் கணவர். மூன்றாம் நாள் நான் பிரசவ டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். "என்னங்க, மூட வேண்டாம். முறையை மாத்தலாம்" என்று அவர் முன் வைத்தேன். அதில் இருந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய கார் இல்லாவிட்டாலும், பழைய கட்டிலைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

ஈயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குப் போகும். தவழும் குழந்தை தரையில் வைத்த கையை வாயில் வைக்கும். அந்த வழியிலும் போகும். மூளை வளர்ச்சியையும் படிப்பையும் கெடுக்கும். ஆகவே பெயின்ட் சுரண்டும் வேலை வீட்டில் கூடாது என்று முடிவு செய்து, வண்டியின் உடம்பை வத்தலக்குண்டுக்கு அனுப்பினோம். "அங்க வேலை செய்யற பையன்களுக்கும் வீட்டில பிள்ளைங்க இருக்கு" என்றேன் நான். உலர்ந்தபடி சுரண்டாமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லி, நுண்தூசியை வடிகட்டும் முகமூடிகளும் வாங்கிக் கொடுத்தோம். துணி முகமூடி இதற்குப் போதாது.

அடுத்தது பிரேக். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் நார் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நோயைக் கொண்டுவரும். பிரேக் டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதுவது மெக்கானிக்குகள் வழக்கம். அது கூடவே கூடாது. நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். எங்கள் வண்டிக்கு மதுரையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் போட்டோம்.

மூன்றாவது புகை. மலைக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். வண்டியை முற்றத்துக்குத் தள்ளிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

நான்காவதுதான் தாய்மார்களுக்கு மிக முக்கியம். பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் கொண்டுவருவார்கள். குழந்தைக்கு அது குளிர்பானம்தான்! அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எங்கள் கொட்டகையில் மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் எல்லாம் பெயர் எழுதிய தகர டப்பாவிலும் கேனிலும், பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. கூலன்ட் இனிப்பாக வேறு இருக்கும், ஜாக்கிரதை.

கடைசியாக உடை. வேலைச் சட்டை கொட்டகையை விட்டு வெளியே வராது. தனி வாளியில் துவைப்போம். கை கால் கழுவி, குளித்துவிட்டுத்தான் இவர் உள்ளே வரலாம். முதலில் முணுமுணுத்தார். பேரன் பிறந்து, அவனைத் தூக்க வேண்டும் என்றதும் நான் சொல்லாமலே குளித்தார்.

வண்டிக்கு நானும் கொஞ்சம் உழைத்தேன். சீட்டு உறையைக் கடையில் தைக்கச் சொன்ன கூலியைக் கேட்டு, என் பழைய தையல் மெஷினையே தூசி தட்டினேன். தடித்த ரெக்ஸினுக்குப் பதினெட்டாம் நம்பர் ஊசி, நீளமான தையல், கையால் மெல்லச் சுற்ற வேண்டும். செலவுக் கணக்கும் என் நோட்டில்தான். மாதம் இவ்வளவு என்று ஒதுக்குவோம். தீர்ந்தால் அடுத்த மாதம். கடன் வாங்கிப் பொழுதுபோக்கு வேண்டாம்.

2024-ல் வண்டி ஓடியது. சட்டமும் இப்போது கொஞ்சம் இரங்கியிருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முன்பே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி காய்கறி வாங்க ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் இவற்றுக்கு மட்டும்தான். பதிவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

கணவரோ மாமனாரோ பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளே, உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கொட்டகைச் சாவியைக் கொடுங்கள். அதோடு ஒரு வாளி, ஒரு சோப்பு, ஒரு நோட்டு இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.