பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

ரொறொன்ரோவில் எங்கள் ஆட்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் செத்தவீட்டுக்குத்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும், செத்தவீட்டுக்கு வேண்டாம். மண்டபத்தின் குளிரூட்டிக்குக் கீழே சுண்ணம் இடிப்போம், வாய்க்கரிசி போடுவோம். கடைசியில் மூத்த மகன் தகனப் பொத்தானை அமுக்குவான். பிறகு காடாத்து, எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, படம் போட்ட கல்வெட்டு, வருசம் திரும்ப ஆட்டைத் திவசம். சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோக வசதியில்லாதவர்கள் இங்குள்ள ஏரியில் கரைக்கிறார்கள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் சாவை ஒழுங்காக நடத்தும் முறையை நாங்கள் கைவிடவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் உடல் கிடைக்காத ஒருவருக்கு இந்த முறையில் இடமே இல்லை.

என் பெரியம்மாவின் மகன் 1996 ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வெளிக்கிட்டவர். காவலரணில் மறித்ததைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பெரியம்மா ஸ்காபரோவுக்கு வந்து காலம் ஆகிவிட்டது. பெரியப்பாவின் திவசத்துக்கு ஐயரைக் கூப்பிட்டுப் படைப்பார். மகனுக்கு ஒருநாளும் படைத்ததில்லை. உறவினர் ஒருவர், "ஒரு திவசத்தைச் செய்து விடுங்கோ அக்கா, ஆத்மா சாந்தியடையட்டும்" என்று சொன்னபோது, "நான் படைச்சா நானே அவனைச் சாக்கொன்ட மாதிரி" என்று எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தக் கதையை எடுப்பதில்லை. அண்ணாவின் பெயரைக்கூட.

இதைச் சொல்லாமல் ஒரு நாவலைப் பற்றி என்னால் எழுத முடியாது. ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’வை நான் தனியே வாசித்திருந்தால் ஒரு நல்ல நாவல் என்று சொல்லி வைத்திருப்பேன். நூலகத்தில் வேறு பலரோடு சேர்ந்து வாசித்ததால் அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை மாலையில் வாசிப்பு வட்டம் கூடும். பனிக்காலத்தில் சப்பாத்துகளை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வட்டமாக உட்காருவோம். ஓய்வுபெற்ற பிலிப்பீனியத் தாதி ஒருவர், ஆர்ஜென்டீனாவிலிருந்து சிறுமியாக வந்த ஆசிரியை ஒருவர், மாத்தறையைச் சேர்ந்த சிங்களப் பெண் ஒருவர், கொழும்பில் வங்கியில் வேலை செய்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், இன்னும் சிலர். இதற்கு முன் ஜோர்ஜ் சோண்டர்ஸின் ‘லிங்கன் இன் த பார்டோ’வை வாசித்திருந்தோம். 2017இல் புக்கர் பரிசு பெற்றது. 1862 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி லிங்கனின் 11 வயது மகன் வில்லி டைபோயிட் காய்ச்சலில் இறந்தான். ஜோர்ஜ்டவுன் மயானத்தில் ஒரு கல்லறை அறையில் வைத்தார்கள். தகப்பன் இரவில் அங்கே திரும்பிப் போனார் என்று சொல்லப்பட்டதை வைத்து எழுதிய நாவல். தாங்கள் செத்துவிட்டதை ஒப்புக்கொள்ளாத ஆவிகள் சூழ நிற்க, லிங்கன் பெட்டியைத் திறந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்திருப்பார். அந்தக் கட்டத்தைப் பற்றிக் கதைத்தபோது தாதி அம்மா அழுதார். ஆர்ஜென்டீன ஆசிரியை மட்டும், "அவருக்குத் தூக்க ஒரு உடல் இருந்தது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் அடுத்ததாக மாலி அல்மேதாவை வாசிக்கலாம் என்று கேட்டவர்.

2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவல் இது. இலங்கையில் பிறந்து அப்பரிசைப் பெற்றவர்களில், 1992இல் எங்கள் ரொறொன்ரோவின் மைக்கேல் ஒண்டாச்சிக்கு அடுத்தவர் கருணாதிலக. கதை 1990இல் கொழும்பில் நடக்கிறது. போர்ப் படப்பிடிப்பாளன் மாலி கண் விழிக்கிறான், செத்துப்போயிருக்கிறான். யார் கொன்றது என்று ஞாபகமில்லை. உடலைத் துண்டாடிப் பேர வாவியில் போட்டிருக்கிறார்கள். அவன் விழித்த மறு உலகம் ஒரு அரசாங்கக் கந்தோர்: நீண்ட வரிசை, படிவங்கள், காதைப் பரிசோதிக்க அனுப்பும் எழுதுவினைஞர்கள். ஒளிக்குள் போய்ச் சேர அவனுக்கு ஏழு நிலவு, அதாவது ஏழு இரவு, தவணை. அதற்குள் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த படங்களை நண்பர்கள் கையில் சேர்க்க வேண்டும். 1983 ஆடிக் கலவரத்தின் படங்களும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

கந்தோரில் அவனுக்கு வழிகாட்டும் டொக்டர் ராணி ஸ்ரீதரன் ஒரு தமிழ் விரிவுரையாளர்; எழுதியதற்காகக் கொல்லப்பட்டவர். யாரை மனதில் வைத்து அவரைப் படைத்தார் என்பதைக் கருணாதிலக மறைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜினி திரணகம, ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதியவர்களில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் 35 வயதில் சுடப்பட்டார். ஸ்காபரோவில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சில வீடுகளில் கதை நின்றுபோகும். ஒரு சிங்கள எழுத்தாளரின் நாவலில், செத்தவர்களுக்கு வழிகாட்டுபவராக அவரைக் கண்டபோது எனக்கு வெட்கமும் ஆறுதலும் சேர்ந்தே வந்தன. வெட்கம், அவரைப் பற்றி நாங்கள் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை என்பதால்.

நாவலில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். நடுப்பகுதியில் சதிமேல் சதி வந்து கதை திணறுகிறது. கொழும்பை விட்டு அது அதிகம் அசையாததால், வடக்கின் சாவுகள் தூரத்துச் செய்தியாகவே நிற்கின்றன. வங்கிப் பெரியவர் இதைத்தான் கோபத்தோடு கேட்டார்: எங்கட சனம் செத்ததை இவர் பகிடியாக எழுதலாமோ? அன்று அவருக்குப் பதில் சொன்னவர் மாத்தறைப் பெண்.

மாதக்கணக்காக நானும் அவரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தவர்கள். காலநிலையும் பிள்ளைகளின் படிப்பும் கதைப்போம். நாட்டைப் பற்றிக் கதைப்பதில்லை, இருவருமே கவனமாகத் தவிர்த்தோம். அன்று அவருடைய பிரதியைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் எல்லாம் சேனா என்ற பாத்திரம் வரும் பக்கங்களில் மட்டும் இருந்தன. சேனா, தெற்கின் ஜே.வி.பி. கிளர்ச்சியில் கொல்லப்பட்ட இளைஞன். புத்தகத்தின் நடுவில் பழைய பஸ் பாஸ் உறை. அதற்குள் அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஓரம் மஞ்சளித்து, மூலையில் முத்திரையின் பாதி வட்டம் ஊதாவாகத் தெரிந்தது. அவருடைய தமையன். 1989இல் இரவில் இலக்கத்தகடு இல்லாத வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "இது எங்களுக்கும் பகிடியில்லை. ஆனால் அவனைச் சிரிக்க வைத்து எழுதியவர் ஒருவராவது இருக்கிறார். எங்கள் வீட்டில் அவனை நினைத்தால் அழுகை மட்டும்தான் வரும், அவன் சிரிப்பானா இல்லையா என்பதே எனக்கு மறந்துவிட்டது" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேர் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் சொன்னார்.

அந்த நாவலில் ஒரு விதி உண்டு. ஆவிகள் நினைத்த இடமெல்லாம் போக முடியாது. தங்கள் உடல் கிடந்த இடங்களுக்கும், தங்கள் பெயர் பேசப்படும் இடங்களுக்கும்தான் போகலாம். யாராவது மாலியின் பெயரைச் சொன்னால் காற்று அவனை அங்கே கொண்டுபோய் விடும். கதையை நகர்த்த எழுத்தாளர் செய்த உபாயம்தான். ஆனாலும் அன்று மாலை அந்த அறையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். ஆசிரியை 1977இல் புவனஸ் அயர்ஸில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட சித்தியின் பெயரைச் சொன்னார். நான் அண்ணாவின் பெயரைச் சொன்னேன். அந்நிய மண்ணில், ஆங்கிலத்தில், வேற்று ஆட்கள் நடுவில் சொல்ல முடிந்தது. சொந்த வீட்டில் முடியவில்லை.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. சில பின்னேரங்கள் தேத்தண்ணியோடு உட்கார்ந்து கதையைத் தமிழில் சொன்னேன். கந்தோர் வரிசையைச் சொன்னபோது, "அங்கையும் படிவமோ" என்று கேட்டார். காணாமல் போனவர்களை விசாரித்த ஆணைக்குழுக்கள் ஒவ்வொன்றிலும் படிவம் நிரப்பியவர் அவர். 2016க்குப் பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று ஒரு சான்றிதழும் எடுக்கலாம் என்றார்கள். அதையும் அவர் வாங்கவில்லை. பெயர் விதியைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மாத்தறைப் பெண்ணின் கதையைச் சொன்னபோது மட்டும், "அவவின்ரை தாய் இன்னும் இருக்கிறாவோ?" என்று கேட்டார். அடுத்த மாதம் விசாரித்து வந்து சொன்னேன்: 2011இல் மோசம் போய்விட்டா, கடைசிவரை வாசல் விளக்கை அணைக்க விடவில்லையாம். பெரியம்மா கனநேரம் அண்ணாவைப் பற்றிக் கதைத்தார். அண்ணாவுக்குப் புளி சேர்த்த மீன்குழம்பு பிடிக்காது என்பதும், பத்து வயதில் மாமரத்தால் விழுந்து இடக்கை முறிந்தது என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த முறிந்த கைதான் இதை எழுத வைத்தது. எங்காவது எலும்பு கிடைத்தால் அந்த முறிவு அடையாளம் சொல்லலாம். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 300, 400 பேர் வரை புதைக்கப்பட்டார்கள் என்று 1998இல், கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு பல வருடம் மௌனம். 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை வேலைக்கு வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அந்த ஆண்டுக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையவையும் சேர்த்து. ஒரு குழந்தையோடு நீலநிறப் பள்ளிப் பை. ஆவணியில், எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காட்டச் சனத்துக்குக் காட்சிக்கு வைத்தார்கள். போக முடிந்தவர்கள் போனார்கள். நாங்கள் இங்கிருந்து பத்திரிகைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

செம்மணி பற்றி வட்டத்தில் சொன்னபோது ஆர்ஜென்டீன ஆசிரியை தன் நாட்டுக் கதையைச் சொன்னார். அங்கே பாட்டிமார், காணாமல் போன பேரப்பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்று விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியின் இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காணும் முறை அதிலிருந்து பிறந்தது. 1987இல் அரசே மரபணு வங்கி ஒன்றை அமைத்தது. எலும்புகளை ஆராய இளைஞர் குழு ஒன்று 1984இலிருந்தே வேலை செய்தது. அவருடைய சித்தி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் பாட்டி சாகும் முன் மாதிரி கொடுத்துவிட்டார். கிடைத்தால் தெரியும்.

எங்கள் தாய்மாரும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட உட்கார்ந்தவர்கள். பலர் பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள். கனடாவில், லண்டனில், பாரிஸில் இருக்கும் தாய்மாருக்கும் வயது நிற்கவில்லை. இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரோடு உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்: முழுப்பெயர், கடைசியாக உடுத்தியிருந்த உடுப்பின் நிறம், சேர்ட்டைத் தைத்த கடை, கட்டிய பல், சின்ன வயதில் முறிந்த எலும்பு. வைத்தியரிடம் கேட்டு, தாய் தகப்பனின் மரபணு மாதிரியை அவர்கள் இருக்கும்போதே எடுத்துப் பாதுகாக்க வழி பாருங்கள். பெரியம்மா அண்ணாவைப் பற்றிச் சொன்னதை நான் ஒரு கொப்பியில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.