வாட்டம் எந்தப் பக்கம்?

(மூன்றாமாண்டு, சிவில்)

சர்வே பிராக்டிகலில் டம்பி லெவலைத் தூக்கி வைத்து, மூன்று ஸ்குரூவைத் திருகி, பபிளை நடுவில் நிறுத்துவதில் நம்ம வகுப்பில் என்னை அடிக்க ஆளில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பி விட்டவனும் நான்தான்! அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு நடைபாதைக்கு லெவல் பார்க்காமல் கான்கிரீட் போட்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சொந்த வீடு என்றால் நாங்கள் குடியிருக்கும் வீடு அல்ல. நாங்கள் இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தாத்தாவின் தோட்டத்தை விற்றதில் எங்கள் பங்காக 13 லட்சம் வந்தது. "பேங்க்ல போட்டா வட்டி, லைன் வீடு வாங்கினா வாடகை. வாடகைதான் மேலுங்க" என்று அம்மா சொன்னாள். 9 லட்சம் கடன் போட்டு, 2024 பிப்ரவரியில் ஊருக்கு வெளியே நாலு சென்ட் இடத்தில் ஆறு வீடு கொண்ட ஒரு பழைய லைனை வாங்கினோம்.

லைன் வீடு என்றால் என்னவென்று விடுதியில் நாகப்பட்டினத்து நண்பன் ஒருவன் கேட்டான். அவன் ஊர்ப் பக்கம் 'ஸ்டோர் வீடு', மதுரைக்காரர்களுக்கு 'வளவு'. ஒரே வரிசையாக ஆறு கதவு. ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து ஒரு அறை, பின்னால் பத்துக்கு ஆறு சமையல்கட்டு. முன்னால் 60 அடி நீளத்துக்கு ஒரு நடை. கடைசியில் ஆறு குடும்பத்துக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை. 2020-ல் ஊரடங்கு வந்தபோது குடியிருந்தவர்கள் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்களாம். அதன் பிறகு வெகுநாள் பழைய ஓனருக்கு லைன் முழுசாக நிறையவே இல்லை. அதனால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது.

நாங்கள் வாங்கும்போது ஆறும் நிறைந்திருந்தது. வாடகை 1,800. ஆறு வீட்டுக்கு 10,800. வங்கித் தவணை 9,700. மிச்சம் 1,100! ஒரே ஒரு வீடு காலியானால் கைக்காசு போட்டுத்தான் தவணை கட்ட வேண்டும். இந்தக் கணக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது. லைனைப் புதுப்பித்து வாடகையை 2,800 ஆக்கினால் மாதம் 16,800 வருமே என்று நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அப்பா நோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நீ படிச்ச பையன் கண்ணு, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அம்மா வளையலை அடகு வைத்து இரண்டு லட்சம் கொடுத்தாள்.

அந்த இரண்டு லட்சத்தை நான் எப்படிச் செலவழித்தேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வருகிறவர் கண்ணுக்கு எது முதலில் படுமோ அதற்கெல்லாம் முதலில் செய்தேன். தரைக்கு டைல்ஸ், சுவருக்கு புட்டி, பெயின்ட், வாசலுக்கு இரும்பு கேட். சுவர் மண் சாந்தில் கட்டியது, அடியிலிருந்து உவர் ஏறிக்கொண்டிருந்தது. அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் புட்டியும் போட்டு மூடினால் ஈரம் எங்கே போகும்? மூன்றே மாதத்தில் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து உதிர்ந்தது. கக்கூஸுக்கு? வெள்ளை அடித்ததோடு சரி.

விஷயம் நடையில்தான் இருக்கிறது. பழைய நடை மண்ணும் உடைந்த கடப்பைக் கல்லுமாகக் கிடந்தது. கான்கிரீட் போடும் அன்று கொத்தனார் கேட்டார்: "வாட்டம் எந்தப் பக்கமுங்க தம்பி?" பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் போக ஒரு ஓட்டை இருந்தது. பத்திரத்தோடு வந்த பழைய வரைபடத்தில் அதற்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் போட்டிருந்தது. முன்வாசலை உயர்த்தினால் ரோட்டுத் தண்ணீரும் உள்ளே வராது, மழைத் தண்ணீரும் வாய்க்காலுக்குப் போய்விடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! "பின்பக்கம் கொடுங்க" என்றேன்.

அப்போது நாலாம் நம்பர் பாட்டி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. தேனிப் பக்கத்துக்காரர். கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். "தம்பி, பின்னால விடாதீகய்யா. தண்ணி முன்னாலதான் போகும்" என்றது. நான் டம்பி லெவல் பிடித்தவன் ஆயிற்றே! "பாட்டி, நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். கொத்தனார் ஒரு நிமிஷம் பாட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சம்பளம் கொடுக்கிறவன் நான் என்பதால் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

ஜூலையில் வாடகை 2,800. இரண்டு குடும்பம் கிளம்பியது, இரண்டு குடும்பம் வந்தது. பாட்டி மட்டும் வழக்கம்போல 1,800 ரூபாயை மஞ்சள் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தது. "மிச்சம் அப்புறம் தாரேன்." அப்புறம் வரவில்லை. என் நோட்டில் நாலாம் நம்பருக்கு நேராக 'காலி செய்ய வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதினேன். "ரெண்டு நாள் தண்ணியை நிறுத்து, தானா போயிரும்" என்று மாமா யோசனை சொன்னார். 2017-ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததே, அதில் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ துண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. நான் அதைச் சொல்லுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: "நம்மளுக்கும் ஒருத்தன் அப்படிப் பண்ணினான். நீ அப்போ கைக்குழந்தை." அதற்கு மேல் மாமாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தை நான் அடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஐப்பசி வந்தது. ஒரு ராத்திரி மழை கொட்டியது. காலையில் அப்பாவுக்குப் போன்: "ஓனரு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தோம். 60 அடி நடையில் விழுந்த தண்ணீரும் கூரைத் தண்ணீரும் நான் காட்டிய வழியில் ஒழுங்காகப் பின்பக்கம் போயிருந்தது. ஓட்டை வழியாக மட்டும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்காலே இல்லை! நாலு வருஷத்துக்கு முன்பே மண் கொட்டி மேடாக்கி மனை பிரித்துவிட்டார்கள். வரைபடத்துக்கு அது தெரியாது, பாட்டிக்குத் தெரியும். தேங்கிய தண்ணீர் கக்கூஸ் சேம்பர் மூடியைத் தாண்டி செப்டிக் டேங்கில் இறங்கி, டேங்க் நிரம்பி, உறிஞ்சு குழியும் நிரம்பி, எல்லாம் பீங்கான் வழியாக மேலே வந்துவிட்டது. மற்றதை நான் எழுத வேண்டாம், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள். ஆறு குடும்பத்தில் இருபது பேருக்கு மேல். பெண்கள் விடியுமுன் எழுந்து பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பிடத்துக்கு நடந்தார்கள். இரண்டாம் நம்பரில் ஒரு அக்கா ஏழு மாதக் கர்ப்பம். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

லாரி வைத்து டேங்கைக் காலி செய்தோம். அந்த மாதக் கடைசியில் இரண்டு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, வீட்டுக்கு 8,400, இரண்டுக்கும் சேர்த்து 16,800 திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் எங்கே? டைல்ஸாகத் தரையில் பளபளத்துக்கொண்டிருந்தது! வாடகை வரவோ 10,200. தவணை போக மிச்சம் 500. அம்மா கழுத்துச் செயினைக் கழற்றி டேபிள் மேல் வைத்தாள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிசம்பரில் கான்கிரீட்டை உடைத்தோம். கொத்தனார் அதே ஆள்தான். இந்தத் தடவை டியூப் லெவல் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், நமக்கெல்லாம் தெரிந்ததுதான். முன்பக்கம் ஒரு முனையை நான் பிடித்தேன். பின்பக்கம் பிடிக்க சித்தாள் வரவில்லை. "குடுய்யா, நான் பிடிக்கேன்" என்று பாட்டி வந்து நின்றது. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் நின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை. "உள்ள ஏதோ முட்டை நிக்கிது பாரு தம்பி" என்று பாட்டிதான் காட்டியது. குமிழை வெளியேற்றிவிட்டுப் பார்த்தோம். பழைய மண் தரை, பின்பக்கம் முன்பக்கத்தை விட 5 அங்குலம் உயரமாக இருந்திருக்கிறது. யாரோ ஒரு பழைய மேஸ்திரி ரோட்டுச் சாக்கடைக்கு வாட்டம் பார்த்துத்தான் விட்டிருக்கிறார். நான் முன்பக்கத்தை 8 அங்குலம் தூக்கி அதைத் தலைகீழாக்கியிருந்தேன்.

இப்போது பின்னாலிருந்து முன்னால் 60 அடிக்கு 7 அங்குலம். கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று. சேம்பர் மூடியைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, சிமெண்டு வைத்து அடைத்தோம். கக்கூஸுக்குப் புது 4 அங்குலக் குழாய், புதுப் பீங்கான். முதலிரண்டு வீட்டு வாசலில் ஒரு படி அதிகமாகிவிட்டது. அதற்கு வழியில்லை. கான்கிரீட் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைப் பின்னால் ஊற்றிவிட்டு, முன்னால் ஓடிப்போய் நின்று பார்த்தேன். தண்ணீர் எனக்குப் பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது!

பாட்டியின் வாடகை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1,800-லேயே நிற்கிறது. மோட்டார் சாவியை அப்பா பாட்டியிடம் கொடுத்துவிட்டார். போர்த் தண்ணீர் ஏற்றுவது, நல்ல தண்ணீர் வரும் நாளில் குடத்துக்கு முறை வைப்பது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று போன் பண்ணுவது எல்லாம் பாட்டி பொறுப்பு. "நம்ம தாராள மனசு" என்று மாமா சொன்னதற்கு அம்மா திருப்பிக் கேட்டாள்: "ஆயிரம் ரூபாய்க்கு மாசம் பூரா எவன் வந்து மோட்டார் போடுவான்?" எது சரி என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. நோட்டில் அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் அடித்துவிட்டேன்.

வாடகையை 2,500 ஆகக் குறைத்தோம். ஐந்து வீடு நிறைந்துவிட்டது. அம்மாவின் செயின் இன்னும் அடகுக் கடையிலிருந்து வரவில்லை. ஆறாம் நம்பர் காலியாக இருக்கிறது, கக்கூஸுக்குப் பக்கத்து வீடு என்பதால் யோசிக்கிறார்கள். இப்போது வாசம் எதுவும் இல்லை, நம்பலாம். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் யாராவது இருந்தால் அனுப்புங்கள். அட்வான்ஸ் மூன்று மாதம், எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. வீட்டைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், நாலாம் நம்பரில் கேட்கச் சொல்லுங்கள்.