கிளாஸ் மேல ஒரு அட்டை

ஜெர்மன் பீர்னு சொன்னதும் நம்ம பசங்க மனசுல வர்றது ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளைதான். அது மியூனிக். ரைன் நதிக்கரையில் இருக்கிற கொலோன் நகரத்துக் கணக்கே வேற. அங்கே 'கொல்ஷ்' என்கிற பீர், 200 மில்லி பிடிக்கிற ஒல்லியான நீளக் கிளாஸில் வரும். போன கோடையில் ஜெர்மனிக்கு இன்டர்ன்ஷிப் போயிருந்தப்போ, லேப் நண்பர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டிட்டுப் போனாங்க.

நான் குடிக்கிறதில்லை. ஆனா கெமிக்கல் படிக்கிறவனுக்குக் கொல்ஷ் ஒரு நல்ல பாடம். ஏல் வகை ஈஸ்ட் போட்டு ஓரளவு வெதுவெதுப்பில் நொதிக்க வைக்கிறாங்க. அப்புறம் லாகர் மாதிரி பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் சில வாரம் ஊற விடுறாங்க. நிறம் வெளிர் தங்கம். தெளிவு, வெயிலுக்கு ஏத்த லேசான ருசி எல்லாம் அதனாலதான். லேசுன்னா ஆல்கஹால் கம்மின்னு நினைச்சுடாதீங்க, சுமார் 4.8 சதவீதம் இருக்கும். கொல்ஷ்னு யார் பேர் வைக்கலாம்னு 1986-இல் அங்குள்ள மதுவடிப்பாளர்கள் ஒப்பந்தமே போட்டாங்க. ஐரோப்பிய யூனியனின் புவிசார் பாதுகாப்பும் உண்டு.

என் கவனம் சாப்பாட்டில்தான். 'ஹால்வ ஹான்' என்றால் அரைச் சேவல். ஆனா தட்டில் கோழியே இருக்காது! கம்பு நிறத்தில் ஒரு ரை பன், கௌடா சீஸ், கடுகு சாஸ், வெங்காயம், அவ்வளவுதான். 'ஹிம்மெல் உன் ஏட்' என்றால் வானமும் பூமியும். மரத்து ஆப்பிள் வானம், மண்ணுக்குள்ள விளையிற உருளைக்கிழங்கு பூமி. கூடவே ரத்தத்தில் செய்த சாசேஜ். உப்பும் கடுகுக் காரமும் கொழுப்பும் இருக்கிற சாப்பாட்டுக்கு லேசான பீர் பொருத்தம்னு நண்பர்கள் சொன்னாங்க.

பரிமாறுறவருக்குக் 'கோபெஸ்'னு பேர். நீங்க கேட்கவே வேண்டாம். கிளாஸ் காலியானா அடுத்தது வந்துடும். ஒவ்வொண்ணுக்கும் கிளாஸுக்கு அடியில் இருக்கிற அட்டையில் பென்சிலால் ஒரு கோடு. நிறுத்தணும்னா அந்த அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல மூடணும். நம்ம பாஷையில் சொன்னா, டிஃபால்ட் ஆன். ஆஃப் ஸ்விட்ச் குடிக்கிறவர் கையில்.

என் பக்கத்தில் இருந்தவன் இரண்டாவது கிளாஸோட மூடிட்டான். யாரும் 'ஏன்டா?'ன்னு கேட்கல. அதுக்கப்புறமும் ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தோம். நான் ஆப்பிள் ஜூஸ் சோடா சொன்னதுக்கு, "சோப்பும் துண்டும் கொண்டுவரச் சொல்லட்டுமா?"ன்னு ஒருத்தி கிண்டலடிச்சா. தண்ணி கேட்கிறவங்களைக் கலாய்க்கிற பழைய ஜோக்காம். எல்லாரும் சிரிச்சதோட சரி.

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. குடியால்தான் போனார், 52 வயசில். 'போதும்ப்பா'னு அவர் எழுந்த ராத்திரிகள் எனக்குத் தெரியும். "ஒரே ஒரு ரவுண்டுண்ணே"னு கையைப் பிடிச்சு உட்கார வைச்சவங்களையும் தெரியும். ஒரு அட்டை அவரைக் காப்பாத்தியிருக்கும்னு சொல்ல வரல. குடிநோய் அட்டையால் தீராது. கொலோனிலும் மூட மறக்கிறவங்க இருப்பாங்க. ஆனா 'போதும்'னு ஒருத்தர் சொன்னா, அதுக்குக் காரணம் கேட்காம இருக்கிறது கூட உட்கார்ந்திருக்கிற நம்ம வேலை. ஹாஸ்டல் ரூமில் அதுக்கு அட்டைகூடத் தேவையில்லை.