கழுத்துக் கட்டியும் மெல்லிய ஊசியும்

கொஞ்சம் நீளமான பதிவு. கூச்சப்படாமல் கடைசிவரை படியுங்கள், முக்கியமாக ஆண்பிள்ளைகள்.

நம்ம ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கழுத்தில் கட்டி வந்தால் வீட்டில் இரண்டு பேச்சுதான். "நெறி கட்டியிருக்கு, தானா அமுங்கிடும்." இல்லாவிட்டால், "டிபியா இருக்கும்." பல நேரம் இது சரியாகவும் இருக்கும். ஆனால் டாக்டர் ஊசி டெஸ்ட் எழுதிக் கொடுத்ததும் மூன்றாவது பேச்சு ஒன்று வரும்: "ஊசி குத்தினா பரவிடும், வேணாம்."

அந்த டெஸ்டுக்குப் பெயர் எஃப்.என்.ஏ.சி. ரத்தம் எடுக்கிற மாதிரி மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் செலுத்தி, சிரிஞ்சால் உறிஞ்சி, வருகிற துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்க்கிறார்கள். சில தகடுகளைக் காற்றில் உலர்த்துவார்கள், சிலவற்றை ஆல்கஹாலில் போடுவார்கள். பிறகு சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, தையல் கிடையாது. 1930-லேயே நியூயார்க்கில் செய்து பார்த்திருக்கிறார்கள். பிறகு ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள்தான் இதைப் பெரிதாக வளர்த்தார்கள். நம் ஸ்டான்லியிலும் செய்கிறார்கள். கழுத்துக் கட்டியில் இப்படிக் குத்துவதால் நோய் பரவுவது மிக மிக அரிது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். இப்போது வயது 27, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. இடது பக்கம் காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவு கட்டி. வலியே இல்லை. இரண்டு மாதம் மெடிக்கல் ஷாப் மாத்திரை. டாக்டர் ஊசி டெஸ்ட் சொன்னதும், "சார், அம்மா வேணாம்னு அழுவுது, நீங்க வந்து சொல்லுங்க" என்று போன் செய்தான். போய்ப் பேசினேன். டெஸ்டுக்கும் கூடவே போனேன்.

ரிப்போர்ட்டில் டிபி இல்லை. ஜெர்ம் செல் ட்யூமர், செமினோமாவாக இருக்கலாம் என்று வந்தது. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகக் காரணமான மூல செல்களில் வரும் புற்று இது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். பெரிய பெரிய வட்ட செல்கள், நடுநடுவே நிணநீர் செல்கள். அந்த செல்கள் தேய்க்கும்போதே உடைந்துபோவதால் தகட்டின் பின்புலம் புலித்தோல் வரி மாதிரி தெரியுமாம். இதில் ஒரு சிக்கல், டிபியில் காணும் கிரானுலோமா இந்தப் புற்றிலும் வருவதுண்டு. அவசரமாகப் பார்த்தால் டிபி என்றே நினைத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

பிறகு டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனைத் தனியாகப் பரிசோதித்தார். அப்போதுதான் சொல்லியிருக்கிறான், ஆறு மாதமாக ஒரு பக்க விதை வீங்கிக் கனமாக இருக்கிறது என்று. பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. வலிக்கவில்லையாம், அதனால் விட்டுவிட்டானாம். இந்த நோய் பெரும்பாலும் 15-லிருந்து 40 வயதுக்குள் வருவது, ஆரம்பத்தில் வலிக்காது. விதையிலிருந்து வயிற்றுக்குள் இருக்கும் நிணநீர்க் கட்டிகளுக்குப் போய், அங்கிருந்து இடது கழுத்துக்கு ஏறிவிடுகிறது.

அவன் அம்மா ஒரு கேள்வி கேட்டது: "கழுத்துல குத்துனாங்களே, அங்க ஏன் குத்தல?" நல்ல கேள்வி. விதையில் மட்டும் டாக்டர்களே ஊசி போடத் தயங்குகிறார்கள். கரு வளரும்போது விதை வயிற்றிலிருந்துதான் இறங்கி வருகிறது, அதனால் அதன் நிணநீர் வயிற்றுக்கே போகும். விதைப்பைத் தோலின் நிணநீரோ தொடை இடுக்குக்குப் போகும். தோல் வழியாகக் குத்தினால் நோய்க்குப் புது வழி திறந்துவிடலாம். அதனால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, அடிவயிற்று இடுக்கு வழியாக விதையை எடுத்துவிடுகிறார்கள். நம் ஜனங்களின் பயம் இந்த ஒரு இடத்தில் மட்டும் பொருந்துகிறது, வேடிக்கைதான்.

ரத்தத்தில் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று பார்த்தார்கள். தகட்டில் செமினோமா மாதிரி தெரிந்தாலும், ஏ.எஃப்.பி. கூடியிருந்தால் வேறு வகையும் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம். ஊசி தொட்டது ஒரு இடத்தைத்தானே! இவனுக்கு ஏ.எஃப்.பி. கூடவில்லை.

ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. அதற்கு முன்னாலேயே விந்தணுவைச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்தார்கள். கல்யாணமான, ஆகாத எல்லாப் பையன்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். 1970-களில் சிஸ்பிளாட்டின் மருந்து வருவதற்கு முன் இது பரவிவிட்டால் பிழைப்பது அபூர்வம். இன்று பரவிய பிறகும் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் கண்டுபிடித்தபோது நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருந்தது. (அவர் பிறகு ஊக்கமருந்தில் மாட்டியது வேறு கதை.)

முடி கொட்டிவிட்டது, தொப்பி போட்டுக்கொண்டு திரிகிறான். பெயர் போடாமல் எழுதுங்க சார் என்று சொன்னதே அவன்தான்.

பேரன் பிறந்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று: ஆறு மாதமாகியும் ஒரு பக்க விதை கீழே இறங்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இறங்காத விதையில் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம்.

கமென்ட்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் போன் செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.